தியத்தலாவைக் கடிதத்துக்காகக் காத்திருக்கும் தண்ணீரூற்று இளைஞன்

எமது ஆசிரிய பீடத்துக்கு அண்மையில் வந்து சேர்ந்த கடிதங்களுள் ஒன்று, முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றிலிருந்து ஒரு தந்தை எழுதியது. கோடிட்ட தாளில் நான்கு பக்கங்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது பதின்பருவத்துச் சிறுவனாகப் புத்தளம் சென்றவர். யுத்தம் முடிந்த பின்னர் மனைவி மக்களோடு ஊர் திரும்பியவர். அவருடைய மூத்த மகன் க.பொ.த உயர்தரம் சித்தியடைந்து, இராணுவத்தில் பயிலிளவல் அதிகாரியாகச் சேர விண்ணப்பித்திருக்கின்றான். முதலாவது நேர்முகத்துக்கும் பின்னர் மருத்துவப் பரிசோதனைக்கும் அழைத்தார்களாம். அதன் பிறகு எட்டு மாதங்களாக ஒரு தகவலும் இல்லை.

"தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மகன் எழுந்து வாசலுக்குப் போகிறான். வாப்பா, இன்றைக்கு வந்ததா என்று கேட்கிறான். என்ன சொல்வது ஐயா?" என்று அத்தந்தை கேட்டிருக்கின்றார். அதைவிட முக்கியமான ஒரு விடயத்தைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஏதோ நினைவு வந்து சேர்த்தாற்போல எழுதியிருந்தார். பையனின் உம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. அடுத்த வளவில் இருக்கும் தமிழ்த் தாயொருவரின் மகன் 2009இல் காணாமற்போனவன். மீள்குடியேறிய முதல் வருடத்தில் கிணற்றில் தண்ணீர் அள்ளத் தந்தவர் அந்த அம்மாதான். "இவன் அந்த உடுப்போடு வீட்டுக்கு வந்தால் அக்காவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்" என்பது உம்மாவின் கேள்வி.

ஆகவே அக்கடிதத்தில் இருப்பது ஒரு கேள்வியன்று, இரண்டு. வராத கடிதத்துக்காக எவ்வளவு காலம் நம்பிக்கையோடு காத்திருப்பது என்பது முதலாவது. வந்தால் என்ன செய்வது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் பற்றி அறிந்தவற்றைப் பொதுவில் எழுதினால் வேறு பல குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதாலேயே இக்கட்டுரை.

முதலில் தாமதத்தைப் பற்றி. பயிலிளவல் அதிகாரி தெரிவு என்பது ஒரு பரீட்சை எழுதிப் பெறுபேறு பார்ப்பது போன்ற நேர்கோட்டு விடயம் அல்ல. விண்ணப்பங்களைப் பிரித்தெடுத்தல், ஆரம்ப நேர்முகம், உடற்தகைமைச் சோதனை, மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ்களைச் சரிபார்த்தல், பின்னணி விசாரணை, இறுதி நேர்முக சபை எனப் பல கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு பிரிவினரின் கைகளில் இருக்கின்றது. ஒரு கட்டத்தைத் தாண்டியமைக்கு நன்றி சொல்லிக் கடிதம் அனுப்பும் வழக்கம் எமது அரச இயந்திரத்தில் எங்கும் இல்லை. ஆகையால் மௌனத்தை நிராகரிப்பாகக் கொள்ளத் தேவையில்லை. அதேவேளை, மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துவிட்டார்கள் என்பதற்காக இடம் கிடைத்துவிட்டதாகக் கருதி உறவினர்களுக்குச் சொல்லிவைப்பதும் தவறு. அழைக்கப்படுதல் வேறு, தெரிவு செய்யப்படுதல் வேறு.

வன்னியைப் பொறுத்தவரை சான்றிதழ் சரிபார்த்தலில் மேலதிகமான ஒரு சிக்கல் உண்டு. இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியன எத்தனை இடங்களில் எத்தனை முறை தொலைந்தன என்பதை எழுதி மாளாது. புத்தளத்தில் பிறந்து, அங்கே பள்ளிக்கூடம் தொடங்கி, தண்ணீரூற்றில் உயர்தரம் முடித்த பையனுக்கு இரண்டு விலாசங்கள். அவனுடைய பெற்றோரின் பெயர் ஒரு காலத்தில் ஒரு மாவட்டத்து வாக்காளர் இடாப்பிலும் பின்னர் மற்றதிலும் இருந்திருக்கும். பின்னணி விசாரணைக்கு வரும் அலுவலர் எந்தக் கிராம அலுவலரிடம் போவது? இத்தகைய விண்ணப்பங்கள் கோப்பின் அடியில் தங்கிவிடுவதில் வியப்பில்லை. எனவே, வதிவிடச் சான்றிதழைத் தற்போதைய கிராம அலுவலரிடம் பெற்று, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் பெற்று வைத்திருத்தல் நல்லது. விண்ணப்பத்தில் கொடுத்த விலாசமும் அடையாள அட்டையிலுள்ள விலாசமும் வேறுபட்டால், அதற்கான காரணத்தை எழுத்தில் அறிவித்துப் பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பிறப்புப் பதிவே கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்றொரு ஏற்பாடு பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் உண்டு. இவற்றை அழைப்புக் கடிதம் வந்த பிறகு தேடி ஓடுபவர்களே அதிகம்.

இன்னொரு காரணம் தனிப்பட்டதல்ல, நாடு முழுவதற்கும் உரியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அரசாங்கம் ஆட்சேர்ப்பை இறுக்கியது. 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சின் தரப்பிலிருந்து ஓர் அறிவித்தல் வெளியானது. இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியை 200,783இலிருந்து 2024ஆம் ஆண்டளவில் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைப்பது என்பதே அதுவாகும். ஒரு படை தன்னைப் பாதியாகச் சுருக்கிக்கொள்ளத் தீர்மானித்திருக்கும் தசாப்தத்தில், அதன் அதிகாரிகள் குழாத்துக்குள் நுழையும் வாசலும் ஒடுங்கவே செய்யும். இதைச் சொல்வது பையனின் மனதை உடைப்பதற்காகவன்று. தன்னுடைய தகுதியில்தான் ஏதோ குறை இருக்கின்றது என்று அவன் இரவில் கண்விழித்துக் கிடக்க வேண்டியதில்லை என்பதற்காகவே சொல்கின்றோம்.

எமது அயல்நாட்டில் நடந்ததையும் இங்கே குறிப்பிடலாம். கொவிட் தொற்றுக் காலத்தில் இந்தியாவில் இராணுவ, விமானப்படை ஆட்சேர்ப்புகள் இடைநடுவில் நின்றன. ஓட்டமும் மருத்துவப் பரிசோதனையும் முடித்துப் பட்டியலில் பெயர் வந்த இளைஞர்கள் பல மாதங்கள் காத்திருந்தார்கள். 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டு, பழைய தெரிவுகள் கைவிடப்பட்டன. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். தெரிவுப் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் நியமனம் பெறும் உரிமை உருவாகிவிடாது என்ற அடிப்படையில் 2023 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் படைவீரர் பதவிக்கு விண்ணப்பித்தவர்கள், அதிகாரிகள் அல்லர். ஆயினும் பாடம் ஒன்றேதான். காத்திருப்பவன் கையில் இருப்பது வாய்ப்பு. அதை உரிமை என்று எண்ணிக்கொண்டு வேறு எதையும் செய்யாமல் இருந்தவர்களே கடைசியில் அதிகம் இழந்தார்கள்.

இந்த இடத்தில் எமது வாசகர்கள் அனைவருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றி, அவர்களிற் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும்.

இராமேசுவரத்தில், மன்னார்க் கரைக்கு எதிரே, 1931 ஒக்டோபர் 15ஆம் திகதி ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் ஆவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இராமேசுவரம் நிலையத்தில் புகையிரதம் நிற்காமற் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்து உழைத்த சிறுவன் அவர். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எமக்கு அதில் ஒரு தனிப் பெருமை. திருச்சியில் பௌதிகம் படித்து, சென்னை தொழில்நுட்ப நிறுவகத்தில் வானூர்தி பொறியியலுக்கு இடம் கிடைத்தபோது, கட்டணத்துக்கான சுமார் ஆயிரம் ரூபா வீட்டில் இருக்கவில்லை. சகோதரி ஜொஹரா தமது தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தே அப்பணத்தைத் தந்தார்.

அவ்விளைஞனின் ஒரே கனவு விமானமோட்டியாவது. படிப்பையும் பெங்களூரில் பயிற்சியையும் முடித்தபோது, இந்திய விமானப்படைக்கு விண்ணப்பித்தார். கூடவே, பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த வானூர்தித் தொழில்நுட்ப, உற்பத்தி இயக்ககத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டார். ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டுக்கும் நேர்முக அழைப்பு வந்தது. டில்லியில் முதலாவதை முடித்துக்கொண்டு, டேராடூனில் விமானப்படைத் தெரிவுச் சபையின் முன் போய் நின்றார். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேரைத் தெரிந்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம்.

ஒன்பதாவது இடம் என்பதன் வேதனை கடைசி இடத்தில் வந்தவனுக்குத் தெரியாது. அவர் அங்கிருந்து ரிஷிகேசம் சென்றார். கங்கையில் நீராடினார். சிவானந்தரின் ஆச்சிரமத்துக்குள் நுழைந்தார். சிவானந்தர் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையிற் பிறந்து, மலாயாவில் வைத்தியராக இருந்து துறவியானவர். தமது முஸ்லிம் பெயரைச் சொன்னபோது துறவியிடம் எந்த மாற்றமும் தோன்றவில்லை என்பதைக் கலாம் பிற்காலத்தில் தமது 'அக்னிச் சிறகுகள்' நூலில் நினைவுகூர்ந்திருக்கின்றார். அங்கே தோல்வியைச் சொல்லி ஆறுதல் பெற்று, டில்லிக்குத் திரும்பி, மற்ற நேர்முகத்தின் முடிவைக் கேட்டார். பதிலாகக் கையில் நியமனக் கடிதத்தைக் கொடுத்தார்கள். 1958ஆம் ஆண்டு, மாதம் 250 ரூபா அடிப்படைச் சம்பளத்தில், சிரேஷ்ட விஞ்ஞான உதவியாளர்.

பின்னர் நடந்தவற்றை எல்லோரும் அறிவர். 1980 ஜூலை 18ஆம் திகதி இந்தியாவின் எஸ்.எல்.வி-3 ஏவுகலம் ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையிற் சேர்த்தபோது அத்திட்டத்தின் பணிப்பாளர் அவர். அதற்கு முந்திய ஆண்டு ஓகஸ்டில் அதே ஏவுகலம் கடலில் விழுந்தபோதும் பணிப்பாளர் அவரேதான். 2002இல் ஜனாதிபதியாகி, தம்மை அதிகாரியாக எடுக்காத முப்படைகளுக்கும் தளபதியானார். 2006 ஜூன் 8ஆம் திகதி, 74ஆவது வயதில், புனே விமானத் தளத்திலிருந்து சுகோய்-30 போர்விமானத்தில் இணை விமானியின் ஆசனத்தில் அமர்ந்து பறந்தார்.

இக்கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஜனாதிபதிப் பதவியில் கொண்டுபோய் முடிப்பார்கள். எமக்கு அது அவ்வளவு உதவாது. டேராடூனில் ஒன்பதாவதாக வந்தவர்கள் எல்லோரும் ஜனாதிபதியாவதில்லை. எமக்குப் பயன்படுவது அதைவிடச் சிறிய ஒரு விடயம்: அவர் இரண்டு விண்ணப்பங்கள் போட்டிருந்தார். விமானப்படை மீதிருந்த காதல் குறையாமலேயே மற்றதையும் போட்டார். டேராடூனுக்குப் போகும் முன் டில்லி நேர்முகத்தை முடித்துவிட்டே போனார். இரண்டாவது விண்ணப்பம் முதலாவதற்குச் செய்யும் துரோகம் என்று எமது இளைஞர்கள் சிலர் எண்ணுகின்றார்கள். அவ்வாறு எண்ணியிருந்தால் ரிஷிகேசத்திலிருந்து திரும்பியவருக்கு டில்லியில் போய்க் கேட்பதற்கு ஒன்றும் இருந்திராது. ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு நபிகளார் ஒருவருக்குச் சொன்னதாக வரும் செய்தியைத் தண்ணீரூற்றுப் பள்ளிவாசலில் அத்தந்தையும் கேட்டிருப்பார்.

இனி, அதிகாரியாவதற்கான வழிகள். தியத்தலாவைக்குப் போகும் பாதை ஒன்றேதான் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. உயர்தரச் சித்தியுடன் நிரந்தரப் படைக்குப் பயிலிளவல் அதிகாரியாகச் சேர்வது ஒரு வழி. தொண்டர் படைக்குச் சேர்வது வேறொரு வழி. இரத்மலானையிலுள்ள ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு முப்படைகளின் பயிலிளவல்களும் தெரிவாகி, பட்டப்படிப்பையும் படைப் பயிற்சியையும் சேர்த்துப் பெறுகின்றார்கள். கடற்படைக்குத் திருகோணமலையிலும் விமானப்படைக்குச் சீனன்குடாவிலும் தத்தமது கல்விக்கழகங்கள் இருக்கின்றன. வைத்தியர், பொறியியலாளர் போன்ற தொழில்சார் தகைமை உடையோரை நேரடியாக அதிகாரிகளாகச் சேர்த்துக்கொள்ளும் முறையும் உண்டு. அதாவது இன்று இருபது வயதில் மூடப்படும் கதவு, ஒரு பட்டத்துடன் இருபத்தாறு வயதில் வேறொரு பக்கத்தால் திறக்கக்கூடும்.

இதற்கு எமது வரலாற்றிலேயே மிகப் பொருத்தமான உதாரணம் உண்டு. இலங்கை இராணுவத்தின் முதலாவது சுதேசத் தளபதி அன்ரன் முத்துக்குமாரு ஒரு தமிழர். சட்டம் பயின்று பாரிஸ்டரானவர். 1934இல் தொண்டர் அடிப்படையிலான இலங்கை இலகு காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, 1949இல் உருவான இராணுவத்துக்கு 1955இல் தளபதியானார். பாடசாலை முடித்த கையோடு படைக் கல்லூரிக்குப் போன வாழ்க்கையன்று அவருடையது.

இந்தியாவிலும் இவ்வாறே. பதினாறு வயதுக்கு மேல் தேசிய பாதுகாப்பு அக்கடமிக்கு முயன்று தவறியவர்கள், பட்டம் பெற்ற பின் ஒருங்கிணைந்த பாதுகாப்புச் சேவைகள் பரீட்சை எழுதிச் சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சி அக்கடமிக்குப் போகின்றார்கள். தெரிவுச் சபையின் முன் நான்கைந்து தடவை நின்று இறுதியில் தெரிவானவர்கள் அங்கு அரிதானவர்கள் அல்லர். பெண்களுக்குத் தேசிய பாதுகாப்பு அக்கடமியின் கதவு உச்ச நீதிமன்ற உத்தரவால் திறந்து, முதலாவது அணியின் பதினேழு பெண்கள் 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளியேறினார்கள்.

இவ்வளவும் முதலாவது கேள்விக்கான பதில். உம்மாவின் கேள்வி அப்படியே இருக்கின்றது. அதைத் தவிர்த்துவிட்டு இக்கட்டுரையை முடித்தால் நாம் அக்குடும்பத்துக்கு நேர்மையாக நடந்தவர்களாக மாட்டோம்.

முத்துக்குமாரு தளபதியாக இருந்த இராணுவமும், ராஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை தளபதியாக இருந்த கடற்படையும், ருத்ரா ராஜசிங்கம் 1982இல் பொலிஸ் மா அதிபரான பொலிஸ் சேவையும் தமிழருக்கு அந்நியமாக இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம், 1962இன் முறியடிக்கப்பட்ட இராணுவச் சதி, அதன் பின் மாறிய ஆட்சேர்ப்பு, 1983 ஜூலை, அதனைத் தொடர்ந்த யுத்தம் ஆகியன அந்த உறவை அறுத்தன. முஸ்லிம்களும் மலாயர்களும் தொடர்ந்து படைகளில் இருந்தார்கள். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது, அதனை மீட்க அனுப்பப்பட்ட விசேட படையணிக்குத் தலைமை தாங்கி உயிரிழந்த லெப்டினன்ட் கேணல் பஸ்லி லாபிர் ஒரு முஸ்லிம். நாட்டின் அதியுயர் வீரப் பதக்கமான பரம வீர விபூஷணம் அவருக்கு மரணத்தின் பின் வழங்கப்பட்டது. அதே முல்லைத்தீவு மண்ணில்தான் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் யுத்தத்தின் கடைசி நாட்கள் கழிந்தன. தண்ணீரூற்றிலிருந்து அதிக தூரமில்லாத கேப்பாப்புலவில் படையினரிடமிருந்த தமது காணிகளைக் கேட்டு மக்கள் 2017இல் வீதியோரத்தில் குந்தியிருந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அதே ஆண்டு தொடங்கிய போராட்டத்தில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே மரணித்துவிட்டார்கள். அடுத்த வளவு அம்மாவின் முகத்தைப் பற்றி உம்மா சொன்னதில் இவ்வளவும் அடக்கம்.

மறுபக்கமும் உண்டு. 2012 நவம்பரில் கிளிநொச்சி பாரதிபுரத்தில் 109 தமிழ் யுவதிகள் இராணுவத்திற் சேர்க்கப்பட்டார்கள். வேலை என்று நம்பிச் சேர்ந்தவர்களுக்கு என்ன வேலை என்று சரியாகச் சொல்லப்படவில்லை என்ற குற்றச்சாட்டும், வறுமையே அவர்களைக் கொண்டுபோனது என்ற விமர்சனமும் அப்போது எழுந்தன. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வன்னியில் ஆயிரக்கணக்கானோர், முன்னாள் போராளிகள் உட்பட, பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் சம்பளம் பெற்று வாழ்கின்றார்கள். முன்பள்ளி ஆசிரியையின் சம்பளம் பாதுகாப்பு அமைச்சிலிருந்து வருவது இயல்பான சிவில் வாழ்வுக்கு நல்லதா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. ஆயினும் 2018 ஜூனில் விசுவமடுவில் பண்ணைக்குப் பொறுப்பாக இருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து இடமாற்றம் பெற்றபோது, அங்கு பணியாற்றிய தமிழர்கள் அவரைத் தோளிற் சுமந்து கண்ணீருடன் வழியனுப்பினார்கள். அந்தப் படங்களைப் பார்த்துச் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் வெகுண்டார்கள். நாம் கவனித்தது வேறொன்றை: ஓர் அதிகாரி எப்படி நடந்துகொள்கின்றார் என்பது இந்த மண்ணில் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றது என்பதை.

ஆகவே அந்தப் பையனிடம் போ என்றோ போகாதே என்றோ சொல்ல எமக்கு உரிமையில்லை. ஆனால் அவனிடம் ஒரு கேள்வி கேட்கலாம். நீ விரும்புவது இராணுவத்தையா, அதிகாரியாக இருப்பதையா? சீருடை, ஒழுங்கு, பலருக்குப் பொறுப்பாக நிற்பது, ஊரில் ஒரு மரியாதை என்பனவே விருப்பமானால், அவை வேறு இடங்களிலும் கிடைக்கும். அவற்றுட் சில, அடுத்த வளவு அம்மாவுக்கு நேரடியாகவே உதவக்கூடியவை.

பொலிஸ் சேவையை எடுத்துக்கொள்வோம். வடக்கிலுள்ள பொலிஸ் நிலையங்களில் தமிழில் முறைப்பாட்டைக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளக்கூடிய அதிகாரிகளின் பற்றாக்குறை பல்லாண்டுக் குறை. ஒரு தாய் தன் மகளுக்கு நேர்ந்ததை மொழிபெயர்ப்பாளர் ஊடாகச் சொல்ல நேர்வதிலுள்ள கொடுமையை விளக்க வேண்டியதில்லை. உயர்தரச் சித்தி பெற்றவர்கள் உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். பட்டதாரிகளுக்குப் பயிலுனர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்குத் தனியான திறந்த போட்டிப் பரீட்சை உண்டு. உயரம், நெஞ்சளவு, வயது போன்ற நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், பழைய அறிவித்தலை நம்பாமல் அவ்வாண்டின் வர்த்தமானியைப் பார்ப்பதே முறை.

சீருடை இல்லாத அதிகாரமும் உண்டு. முல்லைத்தீவில் ஒரு குடும்பத்தின் காணிப் பிணக்கு, வீட்டுத் திட்டம், வெள்ள நிவாரணம் ஆகிய எதுவும் முதலிற் போய் நிற்பது கிராம அலுவலரிடம். அடுத்தது பிரதேச செயலாளரிடம். கிராம அலுவலர் பதவிக்கு உயர்தரம் போதும், போட்டிப் பரீட்சை மூலம் தெரிவு. இலங்கை நிருவாக சேவைக்குப் பட்டம் வேண்டும். ஆயின் அரச சேவையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை மூலமும் ஒரு வழி திறந்திருக்கின்றது. சிறிய பதவியொன்றில் சேர்ந்து, வெளிவாரியாகப் பட்டம் பெற்று, பத்து வருடங்களுக்குப் பிறகு அச்சேவைக்குள் நுழைந்தவர்களை எமக்குத் தெரியும். கணித, விஞ்ஞானப் பாடங்களில் உயர்தரம் செய்தவர்களுக்கு வணிகக் கப்பல்களில் பயிலிளவல் அதிகாரி என்றொரு துறையும் உண்டு. கட்டணம் கூடியது, கடன்பட்டு ஏமாறாமல் விசாரித்துப் போக வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு திறப்பு பொதுவாகப் பொருந்தும். அது மற்ற மொழி. 2007ஆம் ஆண்டின் ஏழாம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அவ்வாண்டு ஜூலை முதல் அரச சேவைக்குச் சேர்வோர் இரண்டாவது அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டுமென விதித்தது. நடைமுறையில் எவ்வளவு அரைகுறையாக நிறைவேறியிருந்தாலும், தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த இளைஞனுக்கு நேர்முகச் சபையில் கிடைக்கும் இடம் வேறு. புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. பலர் பேச்சுச் சிங்களத்தைத் தெருவிலேயே கற்றுக்கொண்டவர்கள். எழுத்துத்தான் பாக்கி. கலாம் 2012 ஜனவரியில் இலங்கைக்கு வந்ததும் மும்மொழித் திட்டமொன்றைத் தொடக்கி வைப்பதற்கே. அப்பயணத்தில் யாழ்ப்பாணத்துக்கும் சென்று மாணவர்களோடு பேசினார்.

இறுதியாக, காத்திருக்கும் நாட்களைப் பற்றி. இக்கட்டுரையாளரும் கலைப் பட்டத்துடன் தொண்ணூறுகளில் ஓர் ஆசிரிய நியமனத்துக்காக இரண்டு வருடங்கள் காத்திருந்தவர். அக்கடிதம் இன்று வரை வரவில்லை. அந்த இரண்டு வருடங்களில் முதலாவதை வாசலைப் பார்த்தே கழித்தேன். இரண்டாவதில், சும்மா இருப்பதைவிட மேல் என்று ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். முதலாவது வருடத்தில் என்ன செய்தேன் என்று இப்போது கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்லலாம். காத்திருக்கிறேன் என்பதை ஒரு வேலையாக ஆக்கிக்கொள்ளும்போதுதான் மனம் புளித்துப் போகின்றது. காலையில் ஓட்டம், பின்னர் ஒரு சம்பளத்துக்கோ சம்பளமின்றியோ ஏதாவது வேலை, மாலையில் சிங்கள வகுப்பு, வெள்ளிக்கிழமைதோறும் வர்த்தமானியைப் பார்த்தல் என்று நாள் நிரம்பியிருந்தால் தபால்காரரின் மணி அவ்வளவு உரத்துக் கேட்காது. உடற்தகைமையை விட்டுவிட்டால், அழைப்பு வரும் நாளில் உடல் மறந்திருக்கும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நாளாந்தம் கடிதத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பெருநாளைக்கு வரும் உறவினர்களிடம் மகன் ஒபிசராகப் போகிறான் என்று சொல்லி வைக்காதீர்கள். தெரிவாகாமற் போனால் அவன் சுமக்க வேண்டியது தன்னுடைய ஏமாற்றத்தை மட்டுமன்று, உங்களுடைய வாக்கையும் என்று ஆகிவிடும்.

தண்ணீரூற்றுத் தந்தைக்கு நாம் தனியாகவும் பதில் எழுதியுள்ளோம். விண்ணப்ப இலக்கத்தைக் குறிப்பிட்டு, சுருக்கமாக, மரியாதையாக, இராணுவத் தலைமையகத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவுக்கு ஒரு விசாரணைக் கடிதம் அனுப்பலாம் என்றும், அதை வாப்பா அல்ல, மகனே தன் கையெழுத்தில் எழுத வேண்டும் என்றும் குறிப்பிட்டோம். அடுத்த வளவு அம்மாவிடம் இவ்விடயத்தை யாராவது பேசியிருக்கிறார்களா என்றும் கேட்டிருக்கின்றோம். அவர் என்ன நினைப்பார் என்று நான்கு பக்கங்களில் எழுதிய அக்கடிதத்தில், அவரிடமே கேட்டதாக ஓர் இடத்திலும் இல்லை.